போஸ்டரின் மேல் வரி

எங்கள் ஆட்டக் குழுவுக்கு ஊர் மதுரை. போஸ்டரில் அப்படித்தான் இருக்கும். ஆடுகிற எங்களில் ஒருத்தனுக்கும் மதுரையில் சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாது. எல்லோரும் நாரணாபுரத்துக் காலனிப் பையன்கள். பகலில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று ஆளுக்கொரு கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சமுதாயக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்துத் தலையை ஊன்றிச் சுற்றுவோம். தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டுதான், ஆனாலும் உச்சியில் முடி தேய்ந்து சொட்டை விழுந்தது.

எங்கள் பக்கம் ஊர் என்றால் ஒன்று, காலனி என்றால் இன்னொன்று. ஊர்க்காரர்களுக்கு நிலம் இருந்தது. அந்த நிலத்தில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்கள், மிளகாய்ப் பழம் பறித்தவர்கள் எங்கள் ஆட்கள். பட்டாசுக் கம்பெனிகள் வந்த பிறகு கூலி மாறியது, வேலை மாறியது. ஊர்த் திருவிழாவில் நாம் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறவே இல்லை. கயிறு கட்டி, அதற்கு வெளியே நில் என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊர்களின் மேடையில் நாங்கள் எப்படி ஆடினோம்? அதற்குத்தான் அந்த மதுரை.

எங்களுக்கு ஆட்டம் பிடித்துக் கொடுத்தவர் விருதுநகர் பாய். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். கூடவே ரேடியோ செட்டு, கலர் லைட்டு வாடகைக்கு விடுவார். பங்குனிப் பொங்கல் வந்தால் சுத்துப்பட்டு ஊர்களில் ஆடலும் பாடலும் நிகழ்ச்சிக்குக் குழு பிடித்துத் தருவார். நல்ல மனுசன். எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புரோட்டா சாப்பிடுவார். அவருடைய மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சி.டி.யில்தான் நாங்கள் ஹிப் ஹாப்பையே பார்த்தோம். தொளதொள சட்டையும் கவிழ்த்துப் போட்ட தொப்பியுமாகக் கறுப்புப் பையன்கள் தெருவில் அட்டையை விரித்துப்போட்டு ஆடினார்கள். எங்களுக்கு வாய் மூடவில்லை. நாங்கள் அட்டைக்கு எங்கே போவது என்றே யோசிக்க வேண்டாம், பட்டாசு ஊரில் அட்டைக்கா பஞ்சம்!

பாய் தன் மச்சான் சொன்னதை ஒருநாள் எங்களிடம் சொன்னார். “அந்தப் பக்கத்துப் பெரிய ஊருகள்ல கிளப்புன்னு இருக்குமாம் தம்பி. சில கிளப்புல இந்தப் பயலுக ஆட்டம், பாட்டு எல்லாம் வேணும். ஆனா இவுக சனம் பாக்க வந்தா வாசல்லயே நிப்பாட்டிருவானுகளாம். நோட்டீசுல இவுக மூஞ்சியப் போடக்கூட யோசிப்பானுகளாம்.”

என் சித்தி மகன் சிரித்தான். “அப்ப அது நம்ம பக்கந்தான் பாய். பஸ்ஸு எங்கன இருந்து கெளம்புதுன்னு கேட்டுச் சொல்லுங்க.”

சித்தி மகன்தான் எங்கள் குழுவில் பெரிய ஆட்டக்காரன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. அலுமினியப் பவுடர் அவன் கழுத்து மடிப்பிலும் காது ஓரத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மேடை வெளிச்சத்தில் வெள்ளிக் கோடாக மின்னும். பாய் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனைப் பிடித்துக் கழுத்தில் முகப்பவுடரை அப்புவார். “மதுரைக்காரனுக்குக் கழுத்துல வெள்ளி ஏதுடா?” என்பார். அவன் தும்மிக்கொண்டே நிற்பான்.

பாய் எங்களுக்குப் போட்ட கட்டளை இரண்டு. ஒன்று, போஸ்டரில் ஊர் மதுரை, படம் எங்களுடையது அல்ல. ஏதோ காலண்டருக்கு எடுத்த செக்கச்செவேல் பையன்களின் படம். இரண்டாவது, எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் ஆட்டம் பார்க்க வரக்கூடாது. ஒரு ஆளை அடையாளம் தெரிந்தால் மொத்தக் குழுவும் தெரிந்துவிடும். இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அந்தப் போஸ்டரை அச்சடிப்பதே நான்தான். சிவகாசியில் ஆப்செட் மெஷினில் வேலை. நாலு கலரில் அந்தச் செவத்த மூஞ்சிகள் தாள் தாளாக என் கையில் வந்து விழும். அதன் மேலே கொட்டை எழுத்தில் மதுரை என்று இருக்கும். நான் யார் என்று மறைக்கிற தாளை நானே கத்தை கத்தையாக அடுக்கிவைப்பேன்.

ஒருமுறை பாயிடம் கேட்டேவிட்டேன். “பாய், உங்க மண்டியில சாக்குல என்ன எழுதிருக்கு? குண்டூர் வத்தல், ராமநாதபுரம் முண்டு. ஊர் பேரப் போட்டாத்தான் வத்தலுக்கே மதிப்புங்கறீக. எங்களுக்கு மட்டும் ஊர் பேரு இருந்தா விலை போகாதா?”

பாய் தாடியைத் தடவினார். “வத்தலுக்கு யாரும் சாதி பாக்க மாட்டாக தம்பி. நான் யாவாரி. விக்கிறதத்தான் எழுத முடியும்” என்றார். கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

வீட்டில் அம்மா வேறு. அவள் பட்டாசுக்குத் திரி ஏற்றுகிறவள். நான் ஆடி அவள் பார்த்ததே இல்லை. கூடத்தில் பழகும்போது வந்து பாரேன் என்றால், “பழகுறத என்ன பாக்க? மேடையில பாக்கணும்” என்பாள். மேடைக்கு வரக்கூடாது என்று சொன்னபோது சேலை முந்தியை உதறிக்கொண்டு எழுந்தாள். “நான் பெத்தவன மதுரைக்காரனுக்குத் தத்து குடுத்துட்டீகளாக்கும்? எழுதிக் குடுத்துட்டீகளா?” என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ரொம்பவும் வலித்தது.

அந்தப் பங்குனிக்கு பாய் பிடித்துக் கொடுத்த ஊர் எங்கள் காலனியிலிருந்து நடக்கிற தூரம். அம்மா கல்யாணமான புதிதில் பருத்தி எடுக்கப் போன ஊர். பாய்க்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். பெயர் சொல்ல விரும்பவில்லை, அந்த ஊரில் இப்போது எனக்குச் சிநேகிதர்களும் இருக்கிறார்கள்.

மார்க்கெட்டில் புது வத்தல் வரத்து. பாயால் நகர முடியவில்லை. “போஸ்டர் வேலைய நீயே பாத்துரு தம்பி. நீதான் அந்த லைன்ல இருக்க. கமிட்டிக்காரங்கள நேரா டிசைன் போடுற கடைக்கு வரச் சொல்லிட்டேன். புரூஃப் காட்டி கையெழுத்து வாங்கிரு” என்றார்.

டிசைன் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். “எந்த ஊரு குழுன்னு போடணும்?” என்று கேட்டாள். வாய்வரை மதுரை வந்தது. வந்ததை முழுங்கினேன். “நாரணாபுரம் காலனிப் பையன்கள் வழங்கும்னு போடுங்கக்கா. பெருசாப் போடுங்க” என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே தடித்த எழுத்தைத் தேடி எடுத்தாள். படத்துக்கு, நாங்கள் ஸ்டுடியோவில் தொப்பி போட்டு எடுத்த போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டே ஒரு வருசமாகத் திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். மை படிந்த கையோடு நின்ற என்னை அச்சாபீஸ் ஆள் என்று நினைத்தார்கள். அதிலும் பொய் இல்லையே. புரூஃபை மேசையில் விரித்தேன்.

எங்கள் பக்கத்துப் போஸ்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே நிகழ்ச்சி, நடுவில் குழுவின் படம். கீழே வரிசையாக விழாக் கமிட்டியாரின் படங்கள். யார் படம் முதலில், யார் படம் பெரிசு, யார் அப்பாவின் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று இருக்கிறது, அண்ணன் படம் தம்பி படத்துக்கு வலதா இடதா — இதில் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. அந்த மூன்று பேரும் மதியச் சாப்பாட்டை மறந்து அந்தக் கீழ் வரிசையையே பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இன்னொருத்தர் தன் மீசை மங்கலாக இருக்கிறது, கறுப்பை ஏற்று என்றார். தலைவரானவர் நூலால் அளக்காத குறையாகத் தன் அப்பாவின் படத்தை அளந்தார்.

நான் ஒளித்து மறைத்து எதையும் செய்யவில்லை. வாய்விட்டே சொன்னேன். “மேல எல்லாம் சரியா இருக்கான்னு ஒருவாட்டி படிச்சுப் பாத்துருங்க.”

“மேல கெடக்கட்டும்லே” என்றார் தலைவர். “எங்க அப்பா போட்டோ ஏன் இவுக சித்தப்பா போட்டோவ விடச் சிறுத்துப்போயி இருக்கு? அதச் சரி பண்ணச் சொல்லு.”

சரி பண்ணச் சொன்னேன். அப்பா சித்தப்பாவைவிடப் பெரிசானார். தலைவர் புரூஃபில் கையெழுத்துப் போட்டார்.

நானே மெஷினில் ஏற்றினேன். முதல் தாள் வெளியே வந்தபோது கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சித்தி மகனின் கழுத்தில் அந்த வெள்ளிக் கோடுகூடத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட அழகான தாளை நான் அச்சடித்தது இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் ஊருக்கு உறைத்தது. அதற்குள் விருதுநகர் ரோட்டிலிருந்து எங்கள் காலனி முக்குவரை சுவரெல்லாம் போஸ்டர். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் மேல் வரியைச் சத்தம் போட்டு வாசித்தார்களாம். கிழித்துப் போடலாம் என்று கிளம்பியவர்கள் சுவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். எப்படிக் கிழிப்பது? அதே தாளில் அவரவர் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்பா படத்தைக் கிழித்துத் தெருவில் போட எந்த மகன் சம்மதிப்பான்? என்னை அப்பாக்கள் காப்பாற்றினார்கள்.

ஆனால் சும்மா விடவில்லை. காலனி என்ற வரியின்மேல் ஒட்ட மதுரை என்று சீட்டு அடித்துத் தர வேண்டும் என்று எங்கள் அச்சகத்துக்கே ஆர்டர் வந்தது. அவசரம், உடனே வேண்டும். முதலாளி பிளேட்டை என்னிடம் நீட்டினார்.

“இத நான் அடிக்க மாட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

“ஏன்?”

“அது மறைக்கிறது என் ஊரை.”

அவருக்கு அப்போதுதான் போஸ்டரில் இருந்த முகமும் எதிரில் நிற்கிற முகமும் ஒன்றுசேர்ந்தது போல. பிளேட்டை மெஷின்மேல் வைத்தார். பிறகு, “ஆர்டர் ஆர்டர்தாம்ப்பா. அடிக்காட்டி வீட்டுக்குப் போயிரு” என்றார். மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தேன். விரல் விரலாகத் துடைத்தேன். வீட்டுக்குப் போய்விட்டேன்.

விசயம் முழுவதையும் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். சீசன் நேரத்தில் வேலையை விட்டு வந்த மகனை எந்த அம்மா கொஞ்சுவாள்? அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். “அப்ப, போஸ்டர்ல காலனின்னு இருக்கு. அப்படித்தான?”

“இருக்கும்மா. இனி அது மேல சீட்டு ஒட்டிருவாக.”

“ஒட்டட்டும். நான் ஆட்டம் பாக்க வாறேன்” என்றாள்.

ஆட்டத்தன்று பொழுது சாய்கிற நேரத்துக்கு நாங்கள் மேடைக்குப் பின்னால் இருந்தோம். பாய் முகம் வெளுத்து வந்தார். “என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே தம்பி. தலைவர் குதிக்காரு. புரூஃப்ல நீங்கதான கையெழுத்துப் போட்டீகன்னு காட்டுனப்பறம்தான் அடங்குனாரு. சனம் வேற கூடிருச்சு, நிப்பாட்டுனா எளவட்டங்க சேரைத் தூக்கி அடிப்பானுக. ஆட்டம் நடக்கும். ஆனா மேடையில துண்டு போட மாட்டாக, மடத்துல சாப்பாடு கெடையாது, மைக்குல மதுரைன்னுதான் சொல்வாக. போதுமா?”

மற்ற குழுக்களுக்குத் தலைவர் கையால் துண்டு போர்த்துவார்கள், ஆட்டம் முடிந்து மடத்தில் இலை போடுவார்கள். மதுரைக்காரர்களாக இருந்தவரை எங்களுக்கும் அதெல்லாம் நடந்தது.

சித்தி மகன் கழுத்தை நீட்டினான், பாயின் கை பழக்கத்தில் பவுடர் டப்பாவை எடுத்தது. அவன் டப்பாவை மெல்ல மூடிவைத்தான். “துண்டு வேணாம் பாய். சோறு வேணாம். பேரு மட்டும் வேணும்” என்றான்.

நாங்கள் மேடை ஏறினோம். மைக்கில், “மதுரை மாநகரிலிருந்து வருகை தந்திருக்கும்…” என்று அறிவித்தார்கள். பாட்டு தொடங்கியது. நாங்கள் அசையவில்லை. யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை. கை கட்டி வரிசையாக நின்றோம். கலர் லைட்டு எங்கள்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. பாட்டு ஓடிப் பாதிக்கு வந்துவிட்டது. முன்னால் இளவட்டங்கள் விசிலடித்தார்கள், கத்தினார்கள். மறுபடியும் மதுரை என்று மைக்கில் சொன்னார்கள். மறுபடியும் நின்றோம். மேடைக்குக் கீழே தலைவர் கையை ஓங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்தது. கூட்டம் அமைதியாகிவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். கயிற்றுக்கு உள்ளே, பெண்கள் பக்கம், முன்வரிசையில் அம்மா நிற்கிறாள். காலனிப் பெண்கள் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தி நகத்திலும் பசை காய்ந்திருந்ததாம், பிறகு சொன்னார்கள். காலனியிலிருந்து அந்த ஊர்வரை சுவர் சுவராக ஒட்டிய மதுரைச் சீட்டை உரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “துருத்திக்கிட்டு நிக்கற சீட்டக் கண்டுபிடிக்க எழுத்து எதுக்கு? திரி ஏத்துற வெரலுக்கு அதெல்லாம் ஒரு வேலையா?” என்றாள்.

அந்த அமைதியில் ஒரு பெண்குரல் கேட்டது. ஒருகாலத்தில் அம்மா பருத்தி எடுத்த வீட்டுக்கார அம்மாள். மேடைவரை கேட்கும்படி அதட்டல்.

“ஏ, நீயா? நீ எங்கன இங்க வந்து நிக்க? கயித்துக்கு அங்கிட்டுப் போ.”

அம்மா திரும்பினாள். நகரவில்லை. அவள் குரலுக்கு மைக் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

“எம் மகன் ஆடப்போறான், பாக்க வந்திருக்கேன். அந்தா நடுவுல நிக்கான் பாருங்க, அவன்தான். அவன நான் மதுரையில பெறல. உங்க பருத்திக் காட்டு வரப்புல வலியெடுத்து, எங்க காலனியில பெத்தேன்.”

எனக்கே அது தெரியாது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாள் முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்வரிசை இளவட்டம் ஒருத்தன் கத்தினான், “எந்த ஊரா இருந்தா என்னங்கய்யா, ஊர் பேரச் சொல்லி ஆட விடுங்க!” கூட்டம் சிரித்தது.

மைக் பிடித்தவர் தலைவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “நாரணாபுரம்…” என்றவர் மிச்சத்தை முழுங்கினார்.

அம்மாவும் பின்னால் நின்றவர்களும் மிச்சத்தைச் சேர்ந்து சொன்னார்கள். “காலனி!”

தலைவர் பாய் பக்கம் திரும்பி, பாட்டு போடாதே என்று கையைக் காட்டினார். பாய் அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே பாட்டைப் போட்டார். சத்தத்தை நன்றாகவே ஏற்றினார்.

அன்றைக்கு ஆடியதைப் போல நாங்கள் அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. சித்தி மகனின் கழுத்து வெள்ளியாய் மின்னியது. நான் தலையை ஊன்றிச் சுற்றியபோது ஊரும் கயிறும் வெள்ளைச் சட்டைகளும் தலைகீழாகச் சுற்றின. எந்தப் பக்கம் வந்தாலும் அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த வருசம் பல ஊர்க்காரர்கள் எங்களை வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் வேண்டாம். மதுரை என்று போட்டால் வரச்சொல்லி ஆள் விட்டவர்களும் உண்டு. போகவில்லை. எனக்கு வேறு அச்சகத்தில் வேலை கிடைத்தது. பாய் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு அவராகவே ஒரு ஊருக்கு எங்களைச் சொல்லிவிட்டு, போஸ்டர் அடிக்க என்னிடம் வந்தார். “சாக்குல ஊர் பேரைப் போட்டுரு தம்பி” என்றார், வேறெதுவும் பேசவில்லை.

அன்று ராத்திரி ஆட்டம் முடிந்து திரும்பும்போது சோறு கிடைக்காத பசியோடு ரோட்டில் நடந்தோம். அம்மா என் பக்கத்தில் வந்தாள். வரப்பில் வலியெடுத்த கதையைக் கேட்டேன். “அத விடு” என்றாள். என் உச்சந்தலையில் கையை வைத்து, சொட்டை விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“ஏலே, இப்படிச் சுத்தித்தானா இந்தச் சொட்டை? நான் ஏதோ நோவுன்னுல்ல இம்புட்டு நாளும் பயந்துக்கிட்டு இருந்தேன்” என்றாள்.